பதினேழாம் குப்பி

“ஸ்பிரிட்டைக் குடிச்சியா, இல்லையா?”

பேராசிரியர் தாண்டவராயன் மேஜையைத் தட்டினார். விலங்கியல் ஆய்வகத்தின் தற்காலிக உதவியாளர் சின்னக்கண்ணு தலை குனிந்து நின்றார்.

ஸ்பிரிட் புட்டியில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் அளவு இறங்குவதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் ஆராய்ச்சி மாணவி அஸ்வினி.

சின்னக்கண்ணு குடியை விட்டு நாலு வருஷமாகிறது. விட்டால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்? பழைய பெயர்தான் முதலில் வந்து நிற்கும்.

“நான் குடிக்கல சார்.”

“அப்ப ஸ்பிரிட் எங்கய்யா போச்சு?”

சின்னக்கண்ணு அஸ்வினியை ஒருமுறை பார்த்தார். ஆய்வகச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

வாசலில் மட்டும் நின்று, “பாப்பா, அந்தப் பதினேழாம் நம்பர் குப்பியப் பாத்துக்கோ” என்றார்.

போகிற நேரத்தில் அட்வைஸ் வேறா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பதினேழில் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்தது, பெருமுக்கல் மலைப்பாறை இடுக்கில் அவள் பிடித்த சிலந்தி. கேப்பை அளவுதான். ஆனால் இதுவரை யாரும் பெயர் வைக்காத புதுப் பேரினம். கிடைத்த ஒரே ஆண் அது. அதைப் பார்த்துத்தான் உடம்பின் ஒவ்வொரு அங்கத்தையும் விவரித்து எழுத வேண்டும்.

“ஸ்பிரிட் வத்தி அது காஞ்சுதுன்னா, ஆராய்ச்சிய மறந்துட்டு நீ வீட்டுக்குப் போகலாம்” என்று தாண்டவராயன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

கோடை விடுமுறை முடிந்து அஸ்வினி அலமாரியைத் திறந்தாள்.

பதினேழு காய்ந்து கிடந்தது. பக்கத்துக் குப்பிகளும்தான். பிரஷ் நுனி பட்டதும் சிலந்தி பொடியாக உதிர்ந்தது.

வாசலில் சின்னக்கண்ணு சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, குப்பியெல்லாம் காஞ்சு போச்சுண்ணா...”

“ஐயோ! நீ விழுப்புரத்துல வாங்கியாந்த குப்பிங்களுக்கு மூடி சரியில்ல பாப்பா. உங்கிட்ட சொன்னேன். நீ செல்போனப் பாத்துக்கினே ‘சரிண்ணா’ன்னுட்ட. அதான் நானே டெய்லி சாயந்திரம் புட்டி ஸ்பிரிட்ட எடுத்து குப்பிங்கள்ல ஊத்திக்கினு இருந்தேன்.”

“சார்கிட்ட ஏண்ணா சொல்லல?”

“சொன்னா உன் படிப்பு போயிடுமே. என் சம்சாரம் பொன்னிதான், நான் மறுபடி குடிக்கிறேன்னு நெனச்சிக்கினு கண்டமங்கலத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பரவால்ல, வந்துடுவா.”

கதவு திறந்தது. தாண்டவராயன் உற்சாகமாக உள்ளே வந்தார்.

“பதினேழ எடும்மா. இன்னிக்கே எழுத ஆரம்பிச்சிடலாம்.”

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“எப்படிக் காஞ்சுது?”

போனில் சின்னக்கண்ணு, “பாப்பா... பாப்பா...” என்று இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அஸ்வினி போனை அணைத்தாள்.

“அந்த சின்னக்கண்ணு குப்பியில இருந்ததையும் விட்டு வைக்கல, சார்!”