மாவுக்குள் இன்சுலின்

பூமியின் தென்பாதியில், எல்லர்ஸ்லி அலுவலக ஜன்னலில் பிப்ரவரிக் கோடை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பிரசாந்தியின் திரையிலோ வடகனடாவின் உறைந்த ஏரி. அதன் மேல் போட்ட பனிச்சாலையில் ஊர்கிறது ஒரு பச்சைப் புள்ளி, அவள் வழிநடத்தும் லாரி. அங்கே மைனஸ் முப்பத்தெட்டு. சரக்குப் பெட்டியின் ஹீட்டர் செத்து ஐந்து மணி நேரமாகிறது. அதில் போகும் இன்சுலின் உறைந்தால் குப்பைக்குத்தான். அக்கரையில் இருக்கும் ஊருக்கு அடுத்த லாரி இரண்டு வாரம் கழித்துத்தான். ஹீட்டர் நின்றதுமே ஓட்டுநரை சாட்டிலைட் போனில் பிடித்து, மருந்துப் பெட்டியை மாவு மூட்டைகளுக்கு நடுவே புதைக்கச் சொன்னாள். பக்கத்து மேசை நிதின் சிரித்தான். "அது மருந்தா அக்கா, அரிசிக்குள்ள பழுக்க வைக்கிற மாங்காயா?" இப்போது அவன் சிரிக்கவில்லை, அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் ஆறு டிகிரி என்கிறது, ஐந்து என்கிறது, நாலில் வந்து நிற்கிறது. புள்ளி கரையேறுகிறது. போன் அதிர்கிறது. ஓட்டுநர் அனுப்பிய படம்: மாவு அப்பிய பெரிய கையுறை, அதில் ஒரு குப்பி, உள்ளே பளிங்குபோல் மருந்து. "ஒரு சொட்டும் உறையேல்லை!" என்று கத்திக்கொண்டு பிரசாந்தி எழும்பிய வேகத்தில் நாற்காலி உருண்டோடிச் சுவரில் முட்டுகிறது. "இனிச் சொல்லும் நிதின், மருந்தோ மாங்காயோ?" அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிறான். "பழுத்துருச்சுக்கா!"