உள்ளூரில் ஆள் இல்லை

"உள்ளூர்ல ஆள் கிடைக்காத வேலைக்குத்தான் வெளிநாட்டுக்காரரை வைக்கலாம், அதுதான் விதி. பால்கோவா பொட்டலம் கட்ட நார்வேக்காரர் எதுக்கு அண்ணாச்சி? அனுமதி கிடையாது" என்றார் கடைக்கு விசாரிக்க வந்த அதிகாரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் சத்தியநேசன் விடவில்லை. "விளம்பரம் குடுத்து நாப்பது பேரைச் சோதிச்சுப் பாத்தேன் சார். ஒருத்தனும் தேறலை."

"அப்படி என்ன சோதனை?"

"பொறவு சொல்லுதேன். செத்த நேரம் இந்தப் பால்கோவாச் சட்டியைப் பாத்துக்கிடுங்க, வாரேன்."

கொல்லைப்பக்கம் போன சத்தியநேசன் பத்து நிமிடத்தில் திரும்பினார். பால்கோவா பாதிச் சட்டிக்கு இறங்கியிருந்தது. அதிகாரியின் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன.

"இதான் சார் சோதனை. நீங்களும் பெயிலு. அந்த நார்வேக்காரருக்கு இனிப்புன்னாலே ஆகாது."

வாயில் இருந்தது தொண்டைக்குள் இறங்குமுன் அனுமதியில் கையெழுத்து விழுந்தது.