இலைப்புள்ளி

ஆரம்பாக்கத்துப் பூப்பண்ணைக்குப் பூஞ்சையைக் கண்டுபிடிக்க வந்த அதிகாரி மோகனப்பிரியா மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"கர்வுலேரியா பூஞ்சைதான். கிளாடியோலஸ் செடிக்கு இது எமன். நீயும் பாரும்மா."

புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளும் கூலிக்காரி அங்காளம்மாள் ஒற்றைக் கண்ணை வைத்தாள்.

"ஐய, கூனி இறா மாதிரி வளைஞ்சிகினு கெடக்குது! ஏரில இறா துழாவுனா சேறுதான் வருது. எல்லாம் இங்க வந்துடுச்சா?"

பண்ணைக்காரர் சகாதேவன் சிரிக்கவில்லை. "ஒரு பாத்தியிலதான் இருந்திச்சு மேடம். போன மாசம் தெற்குப் பசுமைக்குடில்ல பாதிச் செடிக்குப் பரவிடுச்சு."

"எப்படி மேடம் பரவுது?" என்றாள் அங்காளம்மாள்.

"ஈர இலையில ஒட்டிக்கும். காய்ஞ்ச இலையில அவ்வளவா பிடிக்காது."

"எம்மா நேரம் ஈரம் இருக்கணும்?"

"அரை நாள் போதும்."

"பாருங்க மேடம், இன்னா அக்கறையா கேக்குறா!" என்றார் சகாதேவன்.

மோகனப்பிரியா மருந்தை எழுதிக்கொடுத்தாள். "ரெண்டு தடவை அடிங்க, போயிடும். வடக்குக் குடில் சுத்தமா இருக்கு."

"அப்பாடா! அங்காளம்மா, இனிமே கிள்றதுக்கு இன்னா இருக்கு? திங்கக்கெழமைலேர்ந்து நீ வரவேணாம்."

"சரிங்க மொதலாளி."

ஜீப் புறப்பட்டதும் அங்காளம்மாள் வடக்குக் குடிலுக்குள் போய், இலைகள் சொட்டச் சொட்டத் தண்ணீர் அடித்தாள். மடியிலிருந்த புள்ளி இலைகளை எடுத்து, பிள்ளைக்கு எண்ணெய் தடவுவதுபோல் ஒவ்வொரு செடியிலும் தேய்த்துக்கொண்டே போனாள்.

போன மாதம் தெற்குக் குடிலில் காய்ந்த இலையில் தேய்த்ததால்தான் பாதிச் செடி தப்பித்துவிட்டது.