பதினோரு வெள்ளிக்கிழமை

"புருசன் அங்கன வெயில்ல வேகுறான். இவளுக்கு இங்கன கேம் கம்ப்யூட்டர் கேக்குது!"

முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பாத்திமா, மருமகள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

ரஃபியா நிமிரவில்லை. ராஜா முகம்மது கருவிப் பையை இறக்கி வைத்தார். ரியாத்தில் எட்டு வருசம், சொந்த ஊர் கம்பத்தில் பதினைந்து வருசம் ரிப்பேர் வேலை. ரேடியோவோ டிவியோ கம்ப்யூட்டரோ, 'முடியாது' என்று அவர் எதையும் திருப்பி அனுப்பியதில்லை.

"என்னம்மா செய்யுது?"

"கார் ரேஸ் போட்டா பத்து நிமிசத்துல ஸ்கிரீன் கறுப்பாயிடுது மாமா. அப்புறம் எதை அமுக்குனாலும் அசையாது."

"நீயா விளையாடுறே?"

"மழைக்காலத்துல சும்மா கெடந்தா கெட்டுப்போகும், வாரம் ஒருக்கா கேமை ஓட விடுன்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக."

"நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் பாத்திமா. "வெள்ளிக்கிழமை ஆனா போதும், போனைக் காதுல வச்சுக்கிட்டு அந்தப் பொட்டியவே நோண்டுறது. இன்னிக்குச் சரியாகலேன்னா வித்துருன்னு எம்மகன் சொல்லிட்டான்."

நசீம் லீவில் வந்தபோது மதுரையில் ஆள் வைத்துச் சேர்த்த மெஷின் அது. கல்யாணமாகி நாற்பது நாள் இருந்தான். அதில் பாதி நாள் இதன் முன்னால்தான் கழிந்தது. ஷார்ஜாவுக்குத் திரும்பி ஏழு மாதமாகிறது.

இவளும் புருசனிடம் கற்றுக்கொண்டுவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டே ராஜா முகம்மது ரேஸைப் போட்டார். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடமும் போனது. கார் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நானும் சவூதியில கெடந்தவன்தான்," என்றார், பொழுது போக. "வீட்டுக்கு லெட்டர் எழுதுனா அரைப் பக்கம். சொகமா, பணம் வந்துச்சா, அம்புட்டுத்தான். ஆனா எம்பொஞ்சாதி ஹவ்வாம்மா, சுவர்க் கடிகாரம் ஓடலேன்னு எழுதிட்டாள்னா, நாலு பக்கத்துக்குப் படம் போட்டு ரிப்பேர் சொல்லிக் குடுப்பேன்."

"சரியாச்சா மாமா?"

"எங்க! லெட்டருக்கு லெட்டர் ஓடலேன்னுதான் எழுதுவா. அவளுக்குக் கை வரல. நான் வந்து ஒரு தொடுதான் தொட்டேன், ஓடிருச்சு. அவ மௌத்தாகிப் போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. கடிகாரம் இன்னும் ஓடுது."

ரஃபியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் குடித்து வைத்த டீ கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பது நிமிடம். ஸ்கிரீன் கறுக்கவே இல்லை.

மெஷினை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. திருகாணித் தலைகள் கழற்றிக் கழற்றித் தேய்ந்திருந்தன. ரேமை உருவிப் பார்த்தார். ரப்பர் போட்டுத் தேய்த்த இடம் நகை மாதிரி மின்னியது.

"யாரும்மா இதை இத்தனை தடவை கழட்டுனது?"

"நான்தான். அவுக போன்ல சொல்லச் சொல்லச் செஞ்சேன்."

"எத்தனை தடவை?"

"பதினோரு வெள்ளிக்கிழமை." குரல் தாழ்ந்தது. "மொத வாரம் நெசமாவே கறுப்பாச்சு மாமா. ரேம் கழண்டிருந்துச்சு. அன்னிக்கே சரியாயிருச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரஃபியா, மாமியார் இருந்த கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"முன்னெல்லாம் மூணு நிமிசம்தான் பேசுவாக. சொகமா, அம்மா எப்படியிருக்கு, வச்சிரவான்னு. இப்ப முக்கா மணி நேரம் பேசுறாக. வளையலைக் கழட்டிட்டுத் தொடு, ஷாக் அடிச்சிரும்னாக. கையில எத்தனை வளையல் போட்டிருக்கேன்னு கேட்டாக, மாமா."

ராஜா முகம்மது ரேமை அதன் இடத்தில் திரும்பச் செருகினார்.

"சரியாயிருச்சுன்னு அவுககிட்ட சொல்லிருவீகளா?"

அதற்குள் போன் அடித்தது. நசீம்தான். பாத்திமா எடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவரிடமே நீட்டினாள்.

"மாமா, சரியாகுமா, ஆகாதா? வாரா வாரம் இதே ரோதனை. ஆகாதுன்னா வித்துரச் சொல்றேன்."

ராஜா முகம்மது ரஃபியாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வித்துராத தம்பி. சரியாகும். ஆனா என் கையில அம்புடல. பக்கத்துலயே இருந்து பாக்குற ஆளுதான் பாக்கணும். நீ வாரா வாரம் சொல்லிக் குடு, உன் வீட்டுக்காரி செய்யட்டும்."

"எம்புட்டு நாளாகும்?"

"நீ எப்ப லீவுல வர்ற?"

"அஞ்சு மாசமாகும் மாமா."

"அம்புட்டு நாள்தான் ஆகும்."

போனை ரஃபியாவிடம் கொடுத்தார். அவள் அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"சவூதி, ரியாத்துன்னு பீத்துன மனுசன், ஒரு பொட்டிகிட்ட தோத்துட்டாரே!" என்றாள் பாத்திமா.

"ஆமா தங்கச்சி, தோத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். ஆளில்லாத கூடத்தில் கடிகாரம் ஐந்து அடித்தது. பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் நின்றார்.

ரியாத்திலிருந்து வந்த அன்று அதைத் திறந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. உள்ளே ஒரு குறையும் இல்லை. சாவி கொடுத்தார், ஓடியது. "எட்டு வருசமா ஒரு சாவி குடுக்கத் தெரியலியாக்கும்!" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

ஹவ்வாம்மாளும் கூடவே சிரித்தாள்.