சந்தனப் பவுடர்

திரையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மார்பைப் படம் எடுத்த பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டாள்.

"இருங்கம்மா, டாக்டரக் கூட்டிட்டு வாரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

வலி இல்லை. கட்டி இல்லை. நாற்பதைத் தாண்டினால் ஒன்றும் இல்லாதபோதே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெருவுக்கு வந்த நர்ஸ் சொன்னாள். அதைக் கேட்டு இவளும் நல்ல பிள்ளையாக வந்தாள். வந்த இடத்தில் இப்படி.



மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கணவருக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. இதில் எந்தக் கவலை முதலில் வந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வெளியே பெஞ்சில் ஜெயக்கனி, அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் மனைவி. காலையில் புறப்படும்போது பவுடர் டப்பாவோடு வந்து நின்றவள். தான் பூசிக்கொண்டது போலவே இவளுக்கும் கழுத்திலும் கழுத்துக்குக் கீழேயும் தாராளமாகக் கொட்டிவிட்டாள்.

"ஆஸ்பத்திரின்னாலும் நாலு பேரு பாக்க எடம்லாக்கா."

ஜெயக்கனிக்கும் நாற்பது தாண்டியாயிற்று. சோதனைக்கு வா என்றால் மட்டும் ஒரே பிடிவாதம். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். துணைக்குத்தான் வாரேன்."

டாக்டர் அம்மா வந்தார். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூக்கை லேசாக உறிஞ்சினார்.

"என்ன பவுடர் போட்டிருக்கீங்க?"

சாகப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது.

"சந்தனம்."

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். பவுடர் படிந்திருந்தாலும் படத்தில் இப்படிப் புள்ளி விழுமாம். நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்.

ஈரத் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஜெயக்கனி எதிலும் கஞ்சத்தனம் பார்க்கிறவள் இல்லை.

மறுபடியும் படம்.

புள்ளிகள் இல்லை.

"நல்லா இருக்கீங்க. இதோட விட்டுராம, சொல்ற தேதிக்கு மறுபடியும் வரணும். பவுடர் மட்டும் வேண்டாம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். ஜெயக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர் வரிசைப் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"ரொம்பப் பயந்துட்டியளாக்கா?"

"உசுரே போயிட்டு."

"இப்பம்?"

"இப்பம் பசிக்கி."

ஜெயக்கனி எழுந்தாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தன் கைப்பையோடு குழாய்ப் பக்கம் போனாள்.

வர நேரமாயிற்று.

வந்தபோது முகம் மட்டுமில்லை, கழுத்தும் நனைந்திருந்தது. ரவிக்கையின் முன்பக்கமும்தான். சந்தன வாசனை சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

ஜெயக்கனி படம் எடுக்கிற அறையின் கதவைப் பார்த்தாள்.

இவள் கையை நீட்டி, ஜெயக்கனியின் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.