காசு வாங்காத காலணி

போரா கொடுத்த பெட்டியைத் திறந்ததும் ஹேரிமின் முகம் சுருங்கியது. உள்ளே ஒரு ஜோடி காலணி.

சியோலில் வேண்டியவர்களுக்கு யாரும் காலணி பரிசளிக்க மாட்டார்கள். போட்டுக்கொண்டவர் கொடுத்தவரை விட்டுப் போயே போய்விடுவாராம். தப்பித் தவறிக் கொடுத்துவிட்டால், வாங்குகிறவர் கொடுத்தவர் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட வேண்டும். விலைக்கு வாங்கியதாகிவிடும், பிரிவு வராது.

ஹேரிம் பையைத் துழாவி ஒரு நாணயத்தை நீட்டினாள்.

போரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "காசெல்லாம் வேணாம். சும்மா போட்டுக்கிட்டுக் கிளம்பு."

"விளையாடாதடி. வாங்கிக்க."

"வாங்க மாட்டேன்."

அவர்கள் வேலை பார்த்த உடை வடிவமைக்கும் கம்பெனியிலிருந்து வருடத்துக்கு ஒருவரை மிலானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இரண்டு பேருமே விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்தது ஹேரிமுக்கு. ஆகவே விஷயம் எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

"வயித்தெரிச்சல், வேறென்ன? நீ தொலைஞ்சா போதும்னு நெனைக்கிறா," என்றாள் அங்கே மூத்தவளான குவாக் அக்கா, போரா நகர்ந்ததும். "ஆனா நீ டோக்கியோவுக்குப் போயிட்டு ஒரே வாரத்துல மூக்கைச் சிந்திக்கிட்டுத் திரும்பி வந்தவளாச்சே. உன்னை எந்தச் செருப்பும் விரட்ட முடியாது."

ஹேரிமுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியிலிருந்து கூடவே வந்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. காலணியை அக்காவிடமே தள்ளிவிட்டாள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். போராவிடம் சொல்லிக்கொள்ளாமலே ஹேரிம் விமானம் ஏறினாள்.

மிலானில் நாள் முழுக்க நின்றபடி துணிக்குக் குண்டூசி குத்தும் வேலை. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. போராவிடமிருந்து செய்தி வந்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

இரண்டாவது மாதம் தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிவிட்டாள். பாதியில் ஓடுகிற ஆளை அனுப்பிய கம்பெனியிலிருந்து இனி யாரையும் எடுப்பதில்லை என்று மிலான்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் போராவுக்குக் கிடைக்கவிருந்த இடமும் அதோடு போயிற்று.

சியோல் திரும்பி ஹேரிம் கம்பெனிக்குள் நுழைந்தபோது குவாக் அக்கா அந்தக் காலணியோடுதான் நடமாடிக்கொண்டிருந்தாள். போரா துணி வெட்டும் மேசையில் குனிந்திருந்தாள்.

எப்படியும் திட்டத்தான் போகிறாள் என்று ஹேரிம் முந்திக்கொண்டாள். "இப்ப சந்தோஷமா? அன்னைக்கு அந்தக் காசை வாங்கியிருந்தா நீ என்ன குறைஞ்சா போயிருப்பே?"

போரா கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அக்காவின் காலை ஒருமுறை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாங்கியிருந்தா பலிக்காதேடி. இந்தத் தடவையாவது நீ பாதியில திரும்பி வந்துடக் கூடாதுன்னுதான் வாங்கலை."