சாப்பாட்டு நேரப் பேச்சு

“நேத்து ராத்திரி எல்லாரும் உக்காந்து சாப்பிட்டப்போ என்னம்மா பேசிக்கிட்டீங்க?” என்று தியோங்கே கேட்டாள்.

டோரிகா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அவள் நடிகை. ஒரு காலத்தில் பிளாண்டயர் நகர வானொலி நாடகங்களில் அவள் குரல் கேட்காத வாரம் கிடையாது. இப்போது மனநல ஆலோசகர் படிப்புக்கான தேர்வு நாட்களில் கல்லூரிக்கு நடிக்க வருகிறாள். இன்ன மாதிரிப் பெண் என்று கல்லூரியில் சொல்லிவிடுவார்கள். அவள் அந்தப் பெண்ணாக நாற்காலியில் உட்காருவாள். மாணவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து பேச்சுக்கொடுத்து, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மகனைப் பறிகொடுத்தவளாக நடித்திருக்கிறாள். குடிகாரனின் மனைவியாக, தூக்கம் தொலைத்தவளாக, விதவையாக. சொல்லித்தராத கேள்வி வந்தாலும் அந்த இடத்திலேயே ஒரு பதிலைக் கட்டிவிடுவாள்.

அன்றைய பெண்ணுக்குக் கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு. காலையிலிருந்து வந்தவர்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள், பசியைப் பற்றிக் கேட்டார்கள், அழுகை வருமா என்று கேட்டார்கள். என்ன சமைத்தீர்கள் என்று இந்த மாணவி தியோங்கே கேட்டதற்குக்கூட மக்காச்சோளக் களியும் உசிபா மீனும் என்று தயங்காமல் சொன்னாள்.

சாப்பாட்டுப் பேச்சுதான் வரவில்லை.

ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் என்னதான் பேசுவார்கள்? யோசித்துப் பார்த்தாள். பேசியது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

வேறு மாணவராக இருந்தால் அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பார். தியோங்கே காத்திருந்தாள். ம்சிம்பா ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், மற்ற மாணவர்களைவிட மூத்தவள். இந்தத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இன்னொருமுறை தோற்றால் படிப்பே போய்விடும். ஆனாலும் காத்திருந்தாள்.

“உப்பு போதுமான்னு கேட்டேன்,” என்றாள் டோரிகா கடைசியில். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

தியோங்கே சிரிக்கவில்லை.

மணி அடித்தது.

மாலையில் தேர்வை நடத்தும் டாக்டர் காம்வெண்டோ டோரிகாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தியோங்கே முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் கோபக்காரர் இல்லை. அவருக்குக் குழப்பம்தான். இன்று உங்களிடம் பேசிய எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், இவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார் என்றார். இந்த அம்மா தனியாகத்தான் சாப்பிடுகிறார், இவர் சொல்லும் கணவனும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இல்லை, இவரை இப்படியே அனுப்பக் கூடாது. இதுதான் தியோங்கே எழுதியது. மாற்றிக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோதும் மாட்டேன் என்றுவிட்டாளாம்.

அன்றைக்கு டோரிகாவுக்குக் கொடுத்திருந்தது எந்தக் குறையும் இல்லாத பெண்ணின் வேடம். வேலையில் சேர ஒரு நலச் சான்றிதழ் வாங்க வந்தவள். நல்ல கணவன், நல்ல பிள்ளைகள், நல்ல தூக்கம். இல்லாத நோயை மாணவர்கள் இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்களா என்று பார்ப்பதற்காகவே அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

“நீங்க எதையாவது மாத்தி நடிச்சீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லேன்னா இவங்களை நான் பாஸ் பண்ண முடியாது.”

தியோங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை.

டோரிகாவின் கணவன் இறந்து பல காலம் ஆகிறது. மகள்கள் இருவரும் ஜோஹானஸ்பர்க்கில். கிறிஸ்துமஸுக்குப் போன் வரும். கல்லூரியில் யாருக்கும் இது தெரியாது, அவளும் சொன்னதில்லை. தியோங்கே எழுதியது உண்மை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டோரிகா டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

“என் தப்புதான் டாக்டர். போன வருஷம் நடிச்ச விதவை இதுல கொஞ்சம் கலந்துட்டா. வயசாகுது பாருங்க.”

டாக்டருக்கு நிம்மதியாயிற்று. தியோங்கேயைப் பாஸ் போட்டார். பிறகு டோரிகாவிடம், அடுத்த முறை வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்கிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். அவளும் சரி என்றாள்.

தெருவில் எதிரே வருகிற எல்லோரும்தான் எப்படி இருக்கீங்க என்று கேட்கிறார்கள். பதில் வருவதற்குள் கடந்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான். இனி அதுவும் இல்லை.

வாசலில் தியோங்கே வந்து சேர்ந்துகொண்டாள்.

“நீங்க ஒண்ணும் கலக்கலம்மா.”

“பாஸாயிட்டல்ல? பேசாம வா.”

இருவரும் லிம்பே போகும் மினிபஸ்ஸில் ஏறினார்கள். பின் சீட்டில் நெருக்கியடித்து உட்கார இடம் கிடைத்தது. படிப்பு, பயம் என்று தியோங்கே சரியாகத் தூங்கியே சில நாளாகியிருக்க வேண்டும். வண்டி கிளம்பிச் சற்று நேரத்தில் அவள் தலை சாய்ந்து டோரிகாவின் தோளில் விழுந்தது. நல்ல கனம். மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது.

டோரிகா தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கஞ்செட்ஸா ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் கதவைத் தட்டிக் குரல் கொடுத்தான். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அவன் பின்னால் எட்டிப் பார்த்தான். அவளை அடிக்கடி பார்க்கிறவன்.

“என்னம்மா, உங்க ஸ்டாப் வந்துடுச்சே.”

“இல்லப்பா,” என்றாள் டோரிகா, தியோங்கே விழித்துவிடாதபடி மெதுவாக. “நான் லிம்பே வரைக்கும் போறேன்.”